ஒரு சிட்டிகையின் எடை

பிப்ரவரி 19

தூத்துக்குடியிலிருந்து கோழித்தீவனத்துக்கான கிளிஞ்சல் லோடு வந்தது. மூட்டைக்குள் கையை விட்டேன், ஈரம். அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். ஈரக் கிளிஞ்சலை எடை போட்டு வாங்குகிறவன் தண்ணீரை வாங்குகிறான்.

மத்தியானம் சாந்தாமணிக்கு மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பொங்கல் முடிந்த வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "எலும்பு மெலிஞ்சிருக்குதுங்க" என்றார். தினம் ஒரு கால்சியம் மாத்திரை, வாரம் ஒரு வைட்டமின் டி.

மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பிப் படித்தேன். டி3, அறுபதாயிரம் யூனிட். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே சரக்கு என் குடோனில் இருபத்தைந்து கிலோ டப்பாவில் இருக்கிறது, கிராமுக்கு ஐந்து லட்சம் யூனிட். நாமக்கல் வட்டாரத்தில் ஓடு பிடிக்காத தோல் முட்டை விழுகிற பண்ணை எதுவானாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். போவேன், கோழியின் காலைத் தடவிப் பார்ப்பேன், டி3 அளவை ஏற்றச் சொல்வேன். பத்தே நாளில் ஓடு கெட்டிப்படும். இருபத்திரண்டு வருடமாக இந்தச் சோறுதான் தின்கிறேன்.

பிப்ரவரி 21

மாத்திரை என்றாலே சாந்தாமணிக்குத் தொண்டையில் நிற்கிறது. நேற்று துப்பிவிட்டாள்.

கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முட்டைக்கோழி ஒன்றரை கிலோ. ஒரு நாளைக்குத் தீவனத்தில் அதற்குப் போவது முந்நூறு யூனிட் சொச்சம். சாந்தாமணி அறுபது கிலோ, அதாவது நாற்பது கோழி. பதிமூவாயிரம் யூனிட் போதும். ஐந்து லட்ச யூனிட் பொடியில் அது நாலைந்து கடுகு அளவு.

ஒரு சிறு டப்பாவில் எடுத்து வந்தேன். இன்று காலைப் பாலில் ஒரு சிட்டிகை போட்டு, நாட்டுச் சர்க்கரை கலந்து நானே ஆற்றிக் கொடுத்தேன்.

"என்னங்க அதிசயமா இருக்குது? கல்யாணமாகி இருவத்தாறு வருசத்துல அடுப்படிப் பக்கம் வந்ததே இல்ல."

"கை ஒடஞ்சவளப் பாத்துக்க வேண்டாமா? குடி அம்மிணி."

பொடி விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால், "நான் என்ன உங்க பண்ணைக் கோழியா?" என்று டம்ளரைத் தள்ளிவிடுவாள்.

மார்ச் 9

கைவலி குறைந்திருக்கிறதாம். நேற்று ஒரு குடத்தைத் தூக்கினாள். என் வைத்தியம் வீண் போகவில்லை.

மார்ச் 24

வெயில் கொளுத்துகிறது. சாந்தாமணி தண்ணீர் குடித்து மாளவில்லை. வாயெல்லாம் வறட்டுகிறதாம். குடித்த தண்ணீர் நிற்பதும் இல்லை, பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறாள். சர்க்கரையோ என்று பயந்து ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சர்க்கரை இல்லை. நிம்மதி.

ஏப்ரல் 2

சாப்பாடு இறங்கவில்லை. காலையில் வாந்தி. நான்கு நாளாக வயிறு போகவில்லை. கால் துவள்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். கூண்டில் கால் விழுந்த கோழி இப்படித்தான் பக்கவாட்டில் சாயும். எலும்புக்கு இன்னும் பலம் ஏறவில்லை. கால் விழுந்த கோழிக்கு அளவை இரட்டிப்பாக்குவது வழக்கம்.

இன்று முதல் இரண்டு சிட்டிகை.

ஏப்ரல் 9

அடுப்பில் பாத்திரத்தை வைத்தாள், கேஸைத் திறந்தாள், பற்றவைக்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள். நல்லவேளை, நான் வீட்டில் இருந்தேன்.

ஏப்ரல் 12

காலையில் பால் கொடுத்தபோது என்னை நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, நீ எப்ப வந்தே?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை.

ஏப்ரல் 13

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். காரில் வரும் வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாள். கூப்பிட்டால் "ம்" மட்டும்தான்.

ரத்தத்தில் கால்சியம் 14.9. பத்தரைக்குள் இருக்க வேண்டுமாம். கிட்னி பாதிக்குமேல் நின்றுவிட்டது. கிட்னி டாக்டர் பெயர் மெர்லின். நாற்பது வயது இருக்கும், சுற்றி வளைக்காமல் பேசுகிறார்.

"இதயம் எப்ப வேணா தாளம் தப்பலாம். இன்னிக்கு ஐசியூல வெச்சுப் பாக்கறோம்."

கையெழுத்துப் போட்டேன். எங்கே போட்டேன் என்று தெரியாது. குழந்தை இல்லாத வீடு. அவளும் நானும் மட்டும்தான்.

ஏப்ரல் 14

சாந்தாமணியின் அண்ணன் பொன்னுரங்கம் வந்தார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார், குரலும் பட்டறைக் குரல். ஐசியூ வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாப்ள, ஊருல இருக்கற கோழிக்கெல்லாம் வைத்தியம் பாக்கத் தெரியுதே, என்ற தங்கச்சி ஒரு மாசமாத் தள்ளாடுனது கண்ணுல படலீங்களா?"

"வெயில்னு நெனச்சனுங்க மச்சான்."

"கோழி தள்ளாடுனா வெயில்னு விட்டுருவீங்களா?"



டாக்டர் மெர்லின் எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார். "என்னென்ன மருந்து சாப்பிட்டாங்க? ஊசி, டானிக், நாட்டு மருந்து, சத்து மாவு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

எலும்பு டாக்டரின் சீட்டை நீட்டினேன். "இது மட்டும்தானுங்க. இதையுமே பாதி நாள் துப்பிருவா."

நான் சொன்னது பொய் இல்லை. பொடி மருந்தில் சேராது. அது தீவனச் சாமான்.

ஏப்ரல் 15

கால்சியம் 14.1. பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏற்றுகிறார்கள்.

இன்று டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்து மனிதக் கழுத்து ஒன்று வரைந்தார். அதற்குள் நாலு புள்ளி வைத்தார்.

"அரிசி மணி சைசுல நாலு சுரப்பி. ரத்தத்துல கால்சியம் எவ்வளவு இருக்குன்னு கண்காணிக்கிறதுதான் இதுங்களோட வேலை. கொறைஞ்சா ஒரு ஹார்மோன விடும். அது எலும்புல இருந்து கொஞ்சம் எடுக்கும். கிட்னிக்குப் போய், 'கால்சியத்த வெளிய விடாத, பாஸ்பரஸ வெளிய தள்ளு'ன்னு சொல்லும். இன்னொன்னும் சொல்லும், 'வைட்டமின் டிய முழு வேகத்துக்குக் கொண்டு வா, குடல்ல இருந்து இன்னும் கால்சியம் வரட்டும்'னு."

"கிட்னிதான் வாசல்ல நிக்கற ஆளுங்களா?"

"அப்படித்தான். எது போகலாம், எது திரும்பி உள்ள வரணும்னு அந்த ஆளுக்கு உத்தரவு போடறது இந்த ஹார்மோன்."

"அப்ப இந்த நாலு மணியில ஒண்ணு கெட்டுப்போச்சுங்களா?" என்று பொன்னுரங்கம் கேட்டார்.

"நானும் மொதல்ல அதத்தான் நெனச்சேன். சுரப்பி கெட்டிருந்தா ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம், சுலபம். ஆனா அப்படி இருந்தா ஹார்மோன் ஏறியிருக்கணும், பாஸ்பரஸ் எறங்கியிருக்கணும். இவங்களுக்கு ஹார்மோன் கிட்டத்தட்ட பூஜ்யம். சுரப்பி ஒழுங்கா வாய மூடிட்டு ஒக்காந்திருக்கு. பாஸ்பரஸும் ஏறியிருக்கு. கிட்னி சோர்ந்தாலும் அது ஏறும், இருந்தாலும்... உத்தரவு போடற ஆளே சும்மா இருக்கறப்ப, யாரோ பின்வாசல் வழியா கால்சியத்தக் கொண்டு வர்றாங்க. யாருன்னு கண்டுபிடிக்கணும்."

"யாரா இருக்குமுங்க?"

டாக்டர் பேனாவை மூடினார். "இந்த வயசுல கேன்சரத் தேடாம இருக்க முடியாது. எலும்பு மஜ்ஜையில வர்ற ஒரு வகை இப்படிப் பண்ணும். வைட்டமின் டி அளவும் அனுப்பியிருக்கேன். அது வெளியூர் லேபு, வர நாலு நாளாகும். அதுவரைக்கும் சும்மா ஒக்காந்திருக்க முடியாது."

பொன்னுரங்கம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பட்டறைக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் அழவில்லை. எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர்களிடம் வாய் வலிக்க நான் சொல்கிற பாடம்: 'சும்மா சுண்ணாம்பக் கொட்டுனா எச்சத்துல போயிரும். டி3 சேருங்க. கால்சியம், பாஸ்பரஸ் ரெண்டையும் குடல்ல இருந்து அதுதான் இழுத்துட்டு வரும்.' ரெண்டையும்.

ஆனால் நான் கொடுத்தது நாலைந்து கடுகு அளவு. அந்த அளவுக்கு ஆள் சாக மாட்டாள்.

ஏப்ரல் 16

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டோம், பெரிதாக வலிக்காது என்றார்கள். கதவுக்கு வெளியே நின்றேன். சாந்தாமணி கத்திய சத்தம் மனுசச் சத்தமாக இல்லை. ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "செங்கோடா" என்று. புருசன் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கதவைத் திறந்து உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் பொன்னுரங்கம் நின்றுகொண்டிருந்தார்.

ஏப்ரல் 17

மாற்றுத்துணி எடுக்க வேண்டும் என்று சொல்லி நாமக்கல் வந்தேன். துணிக்காக வரவில்லை.

நேராகக் கடைக்குப் போனேன். என் தராசு எல்லாம் மூட்டைக்கும் டன்னுக்கும் உள்ளது. டி3யை ஒரு டன் தீவனத்துக்கு இத்தனை கிராம் என்றுதான் கை பழகியிருக்கிறது. தனியாக ஒரு கோழிக்கு எந்த வியாபாரியும் நிறுத்ததில்லை. பக்கத்து நகைப் பட்டறைக்காரரிடம் போய்த் தங்கம் நிறுக்கிற தராசை இரவல் கேட்டேன். "என்னங்க, கோழி தங்க முட்டை போடுதா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

ஷட்டரை இறக்கிவிட்டு, அதே டப்பா, அதே விரல். ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போட்டேன். பத்துத் தடவை போட்டேன். ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். சராசரி 0.34 கிராம்.

கடுகு அளவு இல்லை. ஒரு லட்சத்து எழுபதாயிரம் யூனிட். எலும்பு டாக்டர் மூன்று வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை நான் ஒரு டம்ளர் பாலில் கொடுத்திருக்கிறேன். மறுநாளும். அதற்கு மறுநாளும். ஏப்ரல் இரண்டிலிருந்து அதைப்போல் இரண்டு மடங்கு.

கூட்டிப் பார்த்தேன். ஒரு கோடி யூனிட்டைத் தாண்டுகிறது.

ஈரக் கிளிஞ்சலை விரலால் தொட்டே கண்டுபிடிக்கிறவன் நான். சொந்தப் பெண்டாட்டிக்குக் கொடுத்ததை நிறுத்துப் பார்க்கவில்லை. பொடி விரலில் ஒட்டிக்கொண்டது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

இதைச் சொன்னால் என்ன ஆகும்? பொன்னுரங்கம் என்னை உயிரோடு விட மாட்டார். போலீஸ் வரலாம். 'பெண்டாட்டிக்குக் கோழித்தீவனம் போட்டவன்' என்று பண்ணைக்குப் பண்ணை பேசுவார்கள். சொல்லாவிட்டால்? லேப் ரிப்போர்ட் எப்படியும் வரும். வராமலே போனால்? பொடியை நிறுத்தியாகிவிட்டது, தானாகவே இறங்கும். இறங்கினால் யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் நான் யோசித்தேன் என்பதை மறைக்காமல் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 18

காலை ஏழு மணிக்கே டாக்டர் மெர்லின் அறை வாசலில் நின்றேன். சாந்தாமணியை வயிற்று ஸ்கேனுக்கு ஒன்பது மணிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கட்டி இருக்கிறதா என்று பார்க்க.

டாக்டர் வந்தார். டப்பாவை மேஜையில் வைத்தேன்.

"இது என்ன?"

"கோழித்தீவனத்துல சேக்கற டி3ங்க. கிராமுக்கு அஞ்சு லட்சம் யூனிட். அவளுக்குத் தெரியாம ஐம்பது நாளாப் பால்ல கலந்து குடுத்தனுங்க."

அவர் டப்பாவை எடுக்கவில்லை. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்தார். அடியில் 'கால்நடைத் தீவன உபயோகத்துக்கு மட்டும்' என்று இருந்தது. அதை இரண்டு தடவை படித்த மாதிரி இருந்தது.

"நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"பயமுங்க."

"யாருக்கு என்ன ஆகும்னு பயம்?"



"எனக்கு என்ன ஆகும்னு," என்றேன்.

அவர் போனை எடுத்து ஸ்கேனை நிறுத்தச் சொன்னார். ஸ்டீராய்டு ஆரம்பிக்கச் சொன்னார். அப்புறம் என்னிடம் திரும்பினார். "நாளைக்கு ரிப்போர்ட் வந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க சொன்னதுல ஒரு நாள் மிச்சம். சொல்லாததுல நாலு நாள் போச்சு. நேத்திக்கு முந்தின நாள் அவங்களுக்கு எலும்புல ஊசி போட்டோம், ஞாபகமிருக்கா?"

"இனிமே எறங்கிருமுங்களா?"

"ஒடனே எறங்காது. இந்த வைட்டமின் கொழுப்புல போய் ஒக்காந்துக்கும், மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். சுரப்பி உத்தரவ நிறுத்தினா ஹார்மோன் நின்னுரும். நீங்க போட்டது யாரோட உத்தரவுக்கும் கட்டுப்படல. கால்சியம் ஏற ஏற கிட்னி தண்ணியப் பிடிச்சு வைக்க முடியாம விட்டுருச்சு. அதான் அவ்வளவு தாகம், அவ்வளவு யூரின். உள்ள காய்ஞ்சு, சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல மாட்டேன்."

எழுந்தேன்.

"அவங்க தெளிஞ்சதும் நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். சொல்லாம டிஸ்சார்ஜும் பண்ண மாட்டேன்."

ஏப்ரல் 19

லேப் ரிப்போர்ட் வந்தது. வைட்டமின் டி: கருவி அளக்கும் எல்லைக்கு மேல். மஜ்ஜை ரிப்போர்ட்டும் வந்தது. கேன்சர் இல்லை. பொன்னுரங்கம் வார்டு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எனக்கும் ஒன்றை ஊட்டிவிட்டார். விழுங்கினேன்.

ஏப்ரல் 23

கால்சியம் 12.6. என்னை அடையாளம் தெரிகிறது.

ஏப்ரல் 26

11.4. கிட்னி பாதிக்கு வந்து அங்கேயே நிற்கிறது.

மத்தியானம் பொன்னுரங்கம் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். வியாபாரத்தில் கெட்ட சரக்கு மாட்டிக்கொண்டால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் எதிராளி மீதியைக் கேட்பான். அப்படியே சொன்னேன். என்ன பொடி, எத்தனை நாள், எப்போது இரட்டித்தேன், நகைத் தராசு, 0.34. டாக்டரிடம் பொய் சொன்னது வரைக்கும்.

சாந்தாமணி ஊசி ஏறாத கையை இடுப்புக்குக் கொண்டுபோய், பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தைத் தொட்டாள்.

"இங்க குத்தறப்ப நீங்க வெளிய நின்னுட்டுத்தானே இருந்தீங்கொ?"

"ஆமா."

"நான் கத்துனது கேட்டுதுங்களா?"

"கேட்டுது அம்மிணி."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணன் வந்து கேட்டதற்குத் தலைவலி என்றாள். அவரிடம் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27

காலையில் இட்லியை அவளே பிட்டுச் சாப்பிட்டாள். பதினொரு மணிக்கு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"வேற யாருக்குங்க குடுத்தீங்க?"

"என்னது?"

"என்ற கை சரியாப் போச்சுன்னு மார்ச் மாசம் கடையில பெருமையாச் சொல்லிட்டிருந்தீங்களே. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒரு சரக்கு நல்லாருந்தா நாலு பேருக்குத் தள்ளாம இருக்க மாட்டீங்க. யாருக்குக் குடுத்தீங்க?"

இந்த டைரியில் அதை நான் எழுதவில்லை. பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. முட்டை லாரி புக்கிங் ஆபீஸ் அப்புசாமி. மார்ச் பத்தோ, பதினொன்றோ. முட்டி வலி என்று கடைக்கு வந்து நொண்டினான். அவன் தனிக்கட்டை. ஒரு பொட்டலம் கட்டி, 'தெனம் ஒரு சிட்டிகை, பால்ல' என்று நான்தான் கொடுத்தேன். காசுகூட வாங்கவில்லை.

"அப்புசாமிக்கு."

"எந்திரிங்க," என்றாள் சாந்தாமணி. "போன்ல சொன்னா அவன் சிரிச்சுட்டு வெச்சிருவான். நேர்ல போங்க. இங்கயே கூட்டியாங்க."

சேலத்திலிருந்து நாமக்கல் ஒரு மணி நேரம். வண்டியை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. ஆபீஸ் பூட்டியிருந்தது. உடம்பு சரியில்லை என்று நாலு நாளாக வரவில்லை என்றார்கள். அவன் வீடு தெரியும், கொசவம்பட்டிப் பக்கம். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு யாரோ வருகிற சத்தம், மெதுவாக, நின்று நின்று.

கதவைத் திறந்தான். பத்து கிலோ இளைத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. அவனுக்குப் பின்னால் கட்டிலைச் சுற்றிலும் காலியான தண்ணீர் பாட்டில்கள். என்னைப் பார்த்ததும் அந்த வெடித்த உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

"வாங்ணா, வாங்ணா. நானே வரோணும்னு இருந்தனுங்க. முட்டி வலி சுத்தமா இல்லீங்ணா. பொட்டலந்தான் நேத்தோட தீந்துபோச்சு. இன்னொண்ணு கட்டிக் குடுங்ணா."

அவன் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தேன். எடையே இல்லை.